வேலூர் வெயிலுக்கு எத்தனை புள்ளி? பசுமைக் கட்டட மதிப்பீட்டை நம் ஊருக்கு ஏற்ப மாற்றுவது குறித்து

காட்பாடிப் பொறியாளர்:

வணக்கம். காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் இருபது ஆண்டுகளாகக் கட்டட வடிவமைப்பு வேலை பார்த்து வருகிறேன். சென்ற மே மாதம், அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தபோது, பசுமைச் சான்றிதழ் பெற்ற ஒரு விடுதிக் கட்டடத்தின் மேல்தளத்துக்குப் போக நேர்ந்தது. பெயர் வேண்டாம். வாசலில் சான்றிதழ்த் தகடு பளபளத்தது. மேல்தளத்து மாணவர்களோ பாயைச் சுருட்டிக்கொண்டு கீழ்த்தள வராந்தாவில் வந்து படுத்திருந்தார்கள். இரவு பத்தரை மணிக்கு ஒரு கட்டிலின் மேல் ஏறி நின்று, கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் இஸ்திரி போட்டு வைத்த வேட்டியைத் தொடுவது போல இருந்தது.

அந்தக் கட்டடம் ஏமாற்றிச் சான்றிதழ் வாங்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. மிதிவண்டி நிறுத்தம், வாடையில்லாத பெயின்ட், குறைந்த நீர் விடும் குழாய்கள், மின்வண்டிக்குச் சார்ஜ் ஏற்றும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் முறைப்படி புள்ளி வாங்கியிருக்கிறார்கள். புள்ளிகளைக் கூட்டினால் தேர்ச்சிதான். கூரையில் கோட்டைவிட்டதை மற்ற இடங்களில் ஈடுகட்டிவிட்டார்கள், அவ்வளவே.

இந்த முறைகள் எங்கிருந்து வந்தன என்பதை நினைவூட்டிக்கொள்வது நல்லது. 1990 இல் பிரிட்டனில் ப்ரீயம் என்ற பசுமைக் கட்டட மதிப்பீட்டு முறை வந்தது. 1993 இல் தொடங்கிய அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம், அந்தப் பத்தாண்டின் இறுதியில் லீட் முறையைக் கொண்டுவந்தது. இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் 2001 இல் உருவாகி, ஹைதராபாத்திலுள்ள கோத்ரேஜ் பசுமை வணிக மையம் 2003 இல் லீட் முறையின் உச்சத் தரமான பிளாட்டினம் பெற்றபோது, அமெரிக்காவுக்கு வெளியே அந்த நிலையை எட்டிய முதல் கட்டடம் என்று பேசப்பட்டது. அதன்பின் டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கிருஹா முறையை மத்திய அரசு 2007 இல் தேசிய மதிப்பீடாக ஏற்றது. கிருஹா நம் நாட்டுக்கென்றே எழுதப்பட்டதுதான், மறுக்கவில்லை. ஆனால் நாடு வேறு, வேலூர் வேறு.

என் கேள்வி ஒன்றுதான். இந்த முறைகளில் எதை அப்படியே வைத்துக்கொள்வது, எதன் எடையைக் கூட்டுவது, எதைக் கழித்துக்கட்டுவது? வடாற்காட்டுப் பக்கம் கட்டடத்தோடு புழங்கும் எல்லோரும் எழுதுங்கள். ஏ.சி. போட்டால் தீர்ந்துவிடும் என்பவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குச் செல்லலாம்.


மேஸ்திரி மகன், ஆரணி:

ஐயா, கூரையைப் பற்றி எழுதியிருப்பதால் நானே முதலில் வருகிறேன். என் அப்பா மெட்ராஸ் டெரஸ் போட்டவர். நான் கான்கிரீட் போடுகிறவன். இரண்டின் கீழும் படுத்திருக்கிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையில், தேக்கு உத்தரங்களுக்கு மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்பில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரையும் வெல்லத்தையும் தெளித்துக்கொண்டே அடிப்பார்கள். மேலே தட்டை ஓடு பதிப்பார்கள். முழுவதும் சேர்ந்து நல்ல கனம் வரும். பகல் வெயில் அந்தக் கனத்தைத் தாண்டி உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அந்த நேரத்தில் வீட்டார் முற்றத்திலோ திண்ணையிலோ இருப்பார்கள்.

இப்போது ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம், அதன்மேல் பெயருக்கு ஒரு வெதரிங் கோர்ஸ், அதாவது வெயிலுக்கும் மழைக்கும் காப்பாகப் போடும் ஜல்லிச் சுண்ணாம்பு அடுக்கு. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரர் முதலில் வெட்டுவது அதைத்தான், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. ஜல்லிச் சுண்ணாம்பை விட்டுவிட்டுச் சிமென்ட் கலவையில் ஓட்டைப் பதித்து முடித்துவிடுகிறார்கள். மழை ஒழுகாது, அது உண்மை, வெயில் ஒழுகும். மதிப்பீட்டுப் படிவத்தில் வெதரிங் கோர்ஸுக்கென்று தனியாக ஒரு கட்டம் இருந்தால், அந்தக் கட்டம் நிரம்பாமல் எந்தச் சான்றிதழும் கிடையாது என்று இருந்தால், வீட்டுக்காரர் அதில் கை வைக்க மாட்டார்.


எண்ணும் எழுத்தும்:

மேஸ்திரி மகன் சொன்னதை எண்ணில் வைக்க முயல்கிறேன். மேல் காப்பு ஏதும் இல்லாத கான்கிரீட் தளத்தின் வெப்பக் கடத்தல் மதிப்பு, மேலும் கீழும் ஒவ்வொரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கும், ஒரு சதுர மீட்டருக்கு 3 வாட்டுக்கு மேல் இருக்கும். 2018 இல் வெளியான குடியிருப்புகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பாகிய ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா, கூரைக்கு அதிகபட்சம் 1.2 என்று வரம்பு வைத்தது. சுவர்களும் சன்னல்களும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 15 வாட் என்பது வரம்பு. நல்ல விதிகள்தான். ஆனால் அந்தத் தொகுப்பு வந்தபோது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கே அது பொருந்தும் என்று எழுதப்பட்டது. 500 சதுர மீட்டர் என்பது பன்னிரண்டு சென்ட்டுக்குச் சற்று மேல். வேலூரில் மூன்று சென்ட்டில் கட்டுபவர்தான் பெரும்பான்மை. அதாவது யார் வீட்டில் கூரை சுடுகிறதோ அவர் விதியின் வாசலுக்கே வரவில்லை.

இன்னொன்று, இதைவிட அடிப்படையானது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது: வறண்ட வெப்பம், ஈர வெப்பம், கலப்பு, மிதம், குளிர். மாதச் சராசரி உச்ச வெப்பம் 30 டிகிரிக்கு மேலும் ஈரப்பதம் 55 சதவீதத்துக்குக் கீழும் இருந்தால் வறண்ட வெப்ப மாதம். ஈரப்பதம் அதற்கு மேல் போனால் ஈர வெப்ப மாதம். எந்த நிலை ஆண்டில் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நிலவுகிறதோ, அதுவே அந்த ஊரின் மண்டலம். தமிழ்நாட்டின் பெரும்பகுதியோடு நாமும் ஈர வெப்ப வண்ணத்தில் கிடக்கிறோம். மாதங்கள் கூடி வாக்களித்து, பெரும்பான்மையின் பெயரை ஊருக்கு வைத்துவிட்டன என்று சொல்லலாம். ஆனால் நம்மை வதைப்பது சிறுபான்மை மாதங்கள்தான். மார்ச் இறுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை பிற்பகலில் வீசும் காற்றில் ஈரம் ஏது?

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். சன்னலைப் பாருங்கள். முன்பு சொன்ன ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா, திறக்கக்கூடிய சன்னல் பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது இத்தனை இருக்க வேண்டும் என்கிறது: ஈர வெப்ப மண்டலத்தில் 16.66 சதவீதம், வறண்ட வெப்ப மண்டலத்தில் 10 சதவீதம். பத்துக்குப் பன்னிரண்டு அறையை எடுத்துக்கொண்டால் முன்னதற்கு 20 சதுர அடி, பின்னதற்கு 12 சதுர அடி. நமக்கு எது சரி? ஐப்பசி, கார்த்திகையில் முன்னது. சித்திரையில் பகல் பதினொரு மணிக்கு மேல் சன்னலைத் திறப்பவர் வேலூரில் யாரும் இல்லை. ஆனால் இரவு ஒன்பதுக்குப் பின் எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டும். ஆகவே இங்கே வேண்டியது பெரிய சன்னல், அதோடு பகலில் வெயிலை மறைத்து இறுக மூடும் மரக்கதவு. விதியோ பரப்பை மட்டும் கேட்கிறது, கதவைப் பற்றிக் கேட்கவில்லை.

போகிற போக்கில் ஒன்று: இப்போது எல்லோரும் போடும் நகரும் கண்ணாடிச் சன்னலில் பாதிதான் திறக்கும். ஐந்துக்கு நான்கு போட்டாலும் காற்றுக்குக் கிடைப்பது பத்துச் சதுர அடி.


ஆம்பூர் வீட்டுக்காரி:

கூரையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு நின்றவர்கள் யாரும் இந்த இழையில் இல்லை போலிருக்கிறது.

நான் கட்டடத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. ஆம்பூரில் இரண்டு வீடுகள் கட்டி முடித்த அனுபவம் உண்டு. இரண்டாவது வீட்டுக்கு வடிவமைப்பாளர் ஒருவர், பசுமை மதிப்பீட்டின்படி செய்து தருவதாகச் சொல்லி, காற்றைக் கலந்து விடும் வலைமுனைக் குழாய்களைப் பொருத்தினார். மூன்றாம் மாதம் அந்த வலைமுனைகள் வெள்ளை வெளேரென்று உப்புப் படிந்து அடைத்துக்கொண்டன. வாரம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறவைத்தேன். ஆறாவது மாதம் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் குழாயில் தண்ணீர் பிடிக்கிறேன். மதிப்பீட்டுக் காகிதத்தில் அந்தக் குழாய்களுக்கான புள்ளி இன்றும் அப்படியே இருக்கிறது.

எங்கள் பக்கத்து நிலத்தடி நீரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டதை 1996 இல் உச்ச நீதிமன்றமே விரிவாக எழுதியது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில்தான். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். போர்த் தண்ணீர் இதைத் தாண்டும் வீடுகளில் எல்லாம் ஆர்.ஓ. இயந்திரம் ஓடுகிறது. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் உப்புத் தண்ணீரை அது வெளியே தள்ளுகிறது. குளியலறையில் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்ததற்குப் புள்ளி கொடுக்கும் முறை, சமையலறைக் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போகும் இந்தத் தண்ணீரைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. எங்கள் வீட்டில் அதை ஒரு டிரம்மில் பிடித்து வாசல் கழுவவும் கழிவறைக்கும் ஊற்றுகிறோம். செடிக்கு ஊற்றக் கூடாது; ஊற்றிப் பார்த்துக் கறிவேப்பிலைச் செடி ஒன்றைக் காவு கொடுத்தேன்.

அடுத்தது மழைநீர். 2003 முதலே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கட்டாயமாகச் செய்தே தீர வேண்டிய ஒன்றுக்கு எதற்குப் புள்ளி? சிவப்பு விளக்கில் நின்றதற்குப் பரிசு கொடுப்பது போல இருக்கிறது. புள்ளி கொடுப்பதென்றால், தரைக்குள் விட்டதற்கு அல்ல, தொட்டியில் பிடித்து வைத்துக் குடித்ததற்குக் கொடுங்கள். நம் பக்கம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர் பெய்கிறது. நூறு சதுர மீட்டர் மாடியில் விழுவது ஒரு லட்சம் லிட்டர். சென்னையைப் போல ஐப்பசி மழையை மட்டும் நம்பியும் நாம் இல்லை. ஆடி, ஆவணி மாலைகளில் இடியோடு நல்ல மழை கிடைக்கிறது. ஆகவே தொட்டி ஆண்டில் பல முறை நிரம்பும், சிறிய தொட்டியே போதும்.

வேலூர் நகரத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் குழாயில் வரும் காவிரி, மேட்டூரிலிருந்து மோட்டார் இறைத்துத் தள்ளித்தான் வருகிறது. அதைக் குளியலறையில் வீணாக்கும்போது தண்ணீரோடு மின்சாரமும் சேர்ந்தே போகிறது.


ஒரே முழக்கோல்:

அனைவருடைய அனுபவத்தையும் மதிக்கிறேன். ஆனால் இந்த விவாதம் போகும் திசை எனக்குக் கவலை தருகிறது. மதிப்பீட்டு முறையின் பயனே ஒப்பீடுதான். காட்பாடிக் கட்டடத்தையும் கோயம்புத்தூர்க் கட்டடத்தையும் ஒரே கோலால் அளந்தால்தான், கடன் கொடுக்கும் வங்கிக்கும் வாடகைக்கு வரும் நிறுவனத்துக்கும் அந்தச் சான்றிதழ் எதையாவது உணர்த்தும். வேலூருக்கு ஒரு கோல், ஆம்பூருக்கு ஒரு கோல், ஆற்காட்டுக்கு ஒரு கோல் என்று வைத்தால் அது சந்தையில் செல்லாத காசாகிவிடும்.

இரண்டாவது, உள்ளூர் நிலைமை என்ற சொல்லைக் கேட்டவுடன் எனக்குக் கை தானாகப் பர்சைத் தடவிப் பார்க்கிறது. முப்பது ஆண்டுகளாகக் கட்டுமானத் துறையில் அந்தச் சொல் பெரும்பாலும் தளர்வுக்குத்தான் பயன்பட்டிருக்கிறது. பக்கவாட்டு இடைவெளியை விழுங்கிக் கட்டியவரும் உள்ளூர் நிலைமையைத்தான் காட்டினார்.

மேலும், உள்ளூர்த் தேவையை இந்த முறைகள் மறந்துவிடவும் இல்லை. லீட் முறையில் 2009 இலேயே வட்டார முன்னுரிமைப் புள்ளிகள் வந்துவிட்டன.


காட்பாடிப் பொறியாளர்:

ஒரே முழக்கோல் ஐயாவின் முதல் எச்சரிக்கை நியாயமானது; மூன்றாவதற்கு மறுப்புச் சொல்கிறேன். அந்த வட்டார முன்னுரிமைப் புள்ளிகள், நான்காம் பதிப்பு வரை, மொத்தம் 110 இல் அதிகபட்சம் நான்கு. அதுவும் ஏற்கெனவே பட்டியலில் உள்ள இனங்களுக்கே கூடுதலாகக் கிடைக்கும். பட்டியலில் இல்லாத ஆர்.ஓ. தண்ணீருக்கோ சன்னலின் மரக்கதவுக்கோ அதில் இடமில்லை. இலையில் ஊறுகாய் வைத்துவிட்டுச் சாப்பாடு போட்டாயிற்று என்பது போன்றது அது.

எடையையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள். அபுதாபியில் 2010 இல் வந்த எஸ்டிடாமா முத்து மதிப்பீட்டில், ‘அரிய நீர்’ என்ற தலைப்புக்கு மட்டும் 43 புள்ளிகள். புதுமைக்கான சிறப்புப் புள்ளிகள் நீங்கலாக மொத்தம் 177. கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. லீட் நான்காம் பதிப்பில் புதிய கட்டடங்களுக்கு நீர்ச் சிக்கனத்தின் பங்கு 110 இல் 11. பாலைவனத்தில் இருப்பவன் தண்ணீருக்கு நான்கில் ஒரு பங்கு கொடுத்ததால் அவனுடைய சான்றிதழ் செல்லாத காசாகிவிடவில்லை.

தளர்வு பற்றிய இரண்டாவது அச்சத்துக்கு ஒரு வழி உண்டு என்று நினைக்கிறேன். அடிப்படைத் தேவைகளை நாடு முழுவதும் ஒன்றாகவே வைப்போம், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அதற்கு மேலுள்ள புள்ளிகளின் எடையை மட்டும் மாவட்ட அளவில் மாற்றலாம். அதோடு, வேலூருக்கென்று சேர்க்கப்படும் அடிப்படைத் தேவை எதுவாயினும், அது தேசிய வரம்பைவிடக் கடினமாக இருக்கலாமே தவிர இளகியதாக இருக்கக் கூடாது. கூரைக்கு 1.2 என்பது வரம்பென்றால் இங்கே 1 என்று வைக்கலாம், மூன்று சென்ட் வீட்டுக்கும் சேர்த்து.

வெப்பச் சுகம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குளிர்சாதனம் இல்லாத கட்டடத்துக்கு, குளிர்சாதன அறைக்குச் சொல்லும் 24 டிகிரி என்ற கணக்கே பொருந்தாது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்விலிருந்து பிறந்து, 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இடம்பெற்ற இந்தியத் தகவமைப்பு முறையின்படி, வெளியே கடந்த முப்பது நாள் சராசரி 30 டிகிரி என்றால், காற்றோட்டமுள்ள வீட்டில் மனிதருக்கு இதமான வெப்பம் 29 டிகிரிக்கு அருகில். அதற்கு மேல் இரண்டு டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் பத்தில் ஒன்பது பேர் ஏற்றுக்கொள்வார்கள். ஆகவே மேல்தளத்து அறையை 31 டிகிரியில் நிறுத்திவிட்டால் மின்விசிறியே போதும். நாம் கேட்பது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை.


கே.வி.குப்பம் சூளைக்காரர்:

பொருள்களைப் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை. பழைய லீட் முறையில் 500 மைல், அதாவது 800 கிலோமீட்டருக்குள் கிடைப்பதெல்லாம் உள்ளூர்ப் பொருள். அப்படிப் பார்த்தால் ஹைதராபாத்தும் நமக்கு உள்ளூர்தான். நான்காம் பதிப்பில் அதை 160 கிலோமீட்டராகச் சுருக்கினார்கள். அந்த வட்டத்துக்குள் சென்னையும் கிருஷ்ணகிரியும் திருப்பதியும் வந்துவிடுகின்றன. கட்டுநரும் வடிவமைப்பாளரும் வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போட்டுப் புள்ளி வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் சூளை வைத்திருப்பவனே சொல்கிறேன், அருகில் கிடைப்பதெல்லாம் நல்லதாகிவிடாது. என் செங்கல்லுக்கு மண் ஏரியிலிருந்தும் வயலிலிருந்தும்தான் வருகிறது. வயலின் மேல்மண்ணை ஒரு முறை எடுத்தால் அந்த நிலம் தேறப் பல ஆண்டுகள் ஆகும். பாலாற்று மணல் இதைவிட மோசம். தூரத்தை மட்டும் பார்த்தால் பாலாற்று மணலுக்கு முழுப் புள்ளி கொடுக்க வேண்டும். ஆற்றங்கரையிலிருந்து கட்டுமான இடத்துக்கு மாட்டு வண்டியிலேயே வந்துவிடும். ஆனால் பாலாற்றில் தண்ணீர் ஓடுவது அரிது, இருக்கும் தண்ணீரெல்லாம் மணலுக்குள்தான். மணல் போனால் தண்ணீர் தங்கும் பாத்திரமே போய்விட்டது. பொருள் என்ற தலைப்பில் வாங்கும் ஒரு புள்ளி, தண்ணீர் என்ற தலைப்பில் ஒரு ஊரையே தோற்கடிக்கிறது.

செங்கல்லைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, பிழைப்பு அது. லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டில், செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே பொந்து விட்டுக் கட்டினால், கல் நான்கில் ஒரு பங்கு மிச்சம். அந்தப் பொந்து வெயிலையும் தடுக்கும். நம் பக்கக் கொத்தனார்கள் சுவரில் மின்குழாய் பதிக்க முடியாது என்று மறுக்கிறார்கள். பழகினால் முடியும்.


வாடகைவாசி:

இந்தப் புள்ளிகளில் எதுவும் வாடகைக்கு இருப்பவரைத் தொடுவதாகத் தெரியவில்லை. மருத்துவமனைக்கு வந்து மாதக்கணக்கில் தங்குபவர்களுக்காகவே நகரத்தில் மாடிமேல் மாடியாகத் தகரக் கொட்டகை அறைகள் போட்டிருக்கிறார்கள். மதிப்பீட்டுக்காரர்கள் தரைத்தளத்துக்கு மட்டும் வந்து போகிறார்களா?


எண்ணும் எழுத்தும்:

வாடகைவாசிக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பின்னாளில் மாடியில் சேர்க்கப்படும் எந்தக் கொட்டகையும் சான்றிதழை ரத்து செய்யும் என்று ஒரு விதி வேண்டுமானால் எழுதலாம்.

எடையை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. இத்தகைய உள்ளூராக்கத்துக்கு ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்தும் ஒரு வழி உண்டு. தாமஸ் சாட்டி என்பவர் 1970களில் உருவாக்கிய படிநிலை ஒப்பீட்டு முறை அது. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து ‘எது முக்கியம்’ என்று கேட்காமல், இரண்டிரண்டாக வைத்து, எது எத்தனை மடங்கு முக்கியம் என்று 1 முதல் 9 வரையிலான அளவில் கேட்க வேண்டும். பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா என்பதையும் அந்தக் கணக்கே காட்டிக்கொடுக்கும். முரண்பாட்டு விகிதம் 0.10 ஐத் தாண்டினால் மறுபடி கேட்க வேண்டும்.

விளையாட்டாக, இந்த இழையில் எழுதியவர்களுக்குத் தனிச்செய்தியில் ஐந்து தலைப்புகளை அனுப்பினேன்: கூரை வெப்பம், தண்ணீர், கட்டுமானப் பொருள், மின்சாரம், இடமும் போக்குவரத்தும். ஐந்துக்குப் பத்து இணைகள். நான்கு பேர் நிரப்பி அனுப்பினார்கள். இது ஆய்வு இல்லை, யாரும் மேற்கோள் காட்டிவிட வேண்டாம். பொறியாளர் கூரையை முதலில் வைத்தார், ஆம்பூர் அம்மா தண்ணீரை. இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக வந்தன. இடமும் போக்குவரத்தும் எல்லோரிடமும் கடைசி. மனை எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் வீடு, சாலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கந்தான் வாசல் என்றிருக்கும்போது அது வியப்பில்லை.

மேஸ்திரி மகனுடைய பதில்கள்தான் கணக்கில் நிற்கவில்லை. கூரை தண்ணீரைவிட முக்கியம், தண்ணீர் பொருளைவிட முக்கியம், பொருள் கூரையைவிட முக்கியம் என்று சுற்றி வந்திருக்கிறார். தம்பி, கோபித்துக்கொள்ளாமல் ஒரு முறை திருத்தி அனுப்புங்கள்.


மேஸ்திரி மகன், ஆரணி:

கோபம் இல்லை, ஐயா. ஆனால் திருத்த மாட்டேன். பொருள் என்று படித்தவுடன் எனக்குத் தோன்றியது கூரைமேல் போடும் சுண்ணாம்பும் தட்டோடும்தான். அந்தப் பொருள் சரியாக இல்லையென்றால் கூரை எங்கிருந்து சரியாக இருக்கும்? கூரையும் பொருளும் இரண்டு தலைப்பு என்பது படிவம் எழுதியவருடைய எண்ணம். வேலை செய்கிறவனுக்கு இரண்டும் ஒரே வேலை. ஒரே கூலி, ஒரே நாள்.

தண்ணீரும் அப்படித்தான். சூளைக்கார அண்ணா மணலைப் பற்றி எழுதியதைப் பாருங்கள். நான் இன்னொன்று சொல்கிறேன். மாடிக்கு வெள்ளை அடித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும் என்கிறார்கள், உண்மைதான், நானே அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் மாசியில் அடித்த வெள்ளை சித்திரைக்குள் புழுதி படிந்து சாம்பல் நிறமாகிவிடுகிறது. கல்குவாரிப் பக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம். அதைக் கழுவி விட வேண்டும். கழுவுவதற்குத் தண்ணீர் எந்த மாதத்தில் இல்லையோ, அந்த மாதத்தில்தான் கழுவ வேண்டியிருக்கிறது. அதுவும் போக, மாடியில் வடகம் போடுவார்கள், மிளகாய் காயவைப்பார்கள், வெள்ளைத் தரையில் கண் கூசுகிறது என்று பெண்கள் சாக்கை விரித்துவிடுவார்கள்.


எண்ணும் எழுத்தும்:

முரண்பாட்டு விகிதத்தைக் கண்டு அவர்மேல் குறை சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். குறை என் தலைப்புகளில் இருக்கிறது. எடையை மாற்றினால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தலைப்புகளும் வெளியிலிருந்தே வந்தவை என்பதைக் கவனிக்கவில்லை. கூரை என்பதையே ஒரு தலைப்பாக வைத்து, அதற்குள் கனம், வெள்ளை, புழுதி, மழைநீர்க் குழாய், சூரிய மின்தகடு எல்லாவற்றையும் அடக்கினால் என்ன?

புழுதி பற்றி மட்டும் ஒரு குறிப்பு. லீட் நான்காம் பதிப்பில் தட்டைக் கூரையின் வெயில் எதிரொளிப்புக் குறியீடு புதிதாக இருக்கும்போது குறைந்தது 82, மூன்று ஆண்டு கழித்துக் குறைந்தது 64 என்று இரண்டு எண்கள் உண்டு. நம் ஊரில் மூன்று ஆண்டு ஏன் காத்திருக்க வேண்டும், மே முதல் வாரத்தில் அளந்தால் போதும்.


குடியாத்தம் புதுவீடு:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். குடியாத்தத்தில் மூன்று சென்ட்டில் வீடு கட்டுகிறேன், மேற்குப் பார்த்த மனை. தை மாதம் கடைக்கால் போட்டோம், அடுத்த மாதம் மேல்தளம் போடப்போகிறோம். எனக்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம், அதற்குக் கட்டணம் கட்டவும் வசதி இல்லை. கையில் மிச்சமிருக்கும் பணத்தில் ஒன்றைத்தான் செய்ய முடியும்: ஒன்று நல்ல வெதரிங் கோர்ஸ், அல்லது மழைநீர்த் தொட்டி. சூரிய மின்தகடு பிறகு மானியத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். எது முதலில்?


ஆம்பூர் வீட்டுக்காரி:

தொட்டி என்றுதான் நான் சொல்வேன் என்று எல்லோரும் எதிர்பார்ப்பீர்கள். தொட்டியை அடுத்த ஆண்டும் கட்டலாம், இடத்தை மட்டும் இப்போதே ஒதுக்கி, மாடித் தண்ணீர் வரும் குழாயை அந்த மூலைக்குத் திருப்பி வையுங்கள். ஜல்லிச் சுண்ணாம்பை அடுத்த ஆண்டு போடுவேன் என்று சொன்னவர் யாரும் போட்டதில்லை.


காட்பாடிப் பொறியாளர்:

அம்மா சொன்னதே என் பதிலும். மூன்று கிலோவாட் வரை சூரியத் தகடு போட்டால் மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் தகட்டை மாடியோடு ஒட்டிப் போடாமல், கீழே ஆள் நடமாடும் உயரத்தில், மேற்குப் பகுதிக்கு நிழல் விழும்படி போடச் சொல்லுங்கள். மின்சாரத்துக்கு மட்டும் புள்ளி கொடுக்கும் முறைகள் அந்த நிழலைக் கணக்கில் எடுப்பதில்லை. நமக்கு அந்த நிழலும் வேண்டும், அதன் கீழே வடகமும் காயவேண்டும்.

தளம் போடும் நாளைத் தெரிவியுங்கள். மேஸ்திரி மகனும் வருவதாக இருந்தால், தளத்தின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் இரண்டு வெப்பமானிகளைப் பதித்து வைத்துவிடுவோம். சித்திரையில் இரவு பத்தரை மணிக்கு என்ன காட்டுகிறது என்று இங்கேயே பதிவிடுங்கள்.


மேஸ்திரி மகன், ஆரணி:

வருகிறேன். சுண்ணாம்பை நான் கொண்டுவருகிறேன். அங்கே கிடைக்கும் பாக்கெட் சுண்ணாம்பு வேண்டாம். நான்கு நாள் முன்னதாகவே நீற்ற வேண்டும், அதற்கு ஒரு பழைய டிரம் மட்டும் எடுத்து வையுங்கள்.